அரசன் சாகாமல் அணைந்த நெருப்பு

ஆளுநர் வகுமிசா கட்டளையை மூன்று முறை படித்தார். யவன அரசனின் உயிர் நண்பன் காய்ச்சலில் போய்விட்டானாம். துக்கத்துக்காகப் பாரசீகத்துக் கோயில் நெருப்பையெல்லாம் ஒரு நாள் அணைத்து வைக்க வேண்டுமாம். நாட்டைப் பிடித்தவனுக்கு நாட்டு வழக்கம் தெரிந்தால்தானே!

நெருப்புக் காவலர் பகதாத்து, நெருப்பில் மூச்சுப் படாதபடி வாயை மூடியிருந்த வெள்ளைத் துணியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ராஜா செத்தாத்தானே ஐயா அணைப்போம்? அணைச்சா அஞ்சு நாளைக்குச் சட்டம் கிடையாது. மலைக்காரனுங்க கத்தியத் தீட்டிக்கிட்டு இறங்கிருவானுங்க."

"ராஜா நல்லாத்தான் இருக்கார்னு முரசடிச்சுச் சொல்லிருவோம்."

"நல்லாயிருந்தா எதுக்கய்யா முரசு? அதுலயே புரிஞ்சுக்குவானுங்க."

வகுமிசா ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஒரே மகள் அர்தாமா ஆற்றங்கரைக் கோட்டையில் இருந்தாள். அரசன் சொல்லிவிட்டான் என்று போன வருஷம் அங்கிருந்த யவனத் தளபதிக்கு அவளைக் கட்டிக்கொடுத்ததே இவர்தான்.

"பாப்பாவயாவது முன்னாடியே கூட்டிட்டு வந்துருங்க" என்றார் பகதாத்து.

"கூட்டிட்டு வந்தா, கலகம் வரும்னு தெரிஞ்சேதான் அணைச்சேன்னு யவனனுங்க என் தலைய வாங்கிருவானுங்க. சும்மா இரும்."

பழைய பாரசீக அரசன் விழுந்தபோதும் பதவியை விடாத மனுஷன். குனிந்தே பழகிய முதுகு அன்றைக்கு மட்டும் நிமிருமா? மறுநாள் காலையில் நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டார். பகதாத்து சாம்பலை அள்ளிப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

முரசும் அடித்தார்கள். மத்தியானத்துக்குள் கடைவீதி வெறிச்சோடியது. அடுத்த நாள் மலையாட்கள் இறங்கினார்கள். மூன்றாம் நாள் கோட்டைப் பக்கம் புகை எழுந்தது.

அன்று மாலை அர்தாமாவின் உடலை ஆளுநர் மாளிகைப் பின்வாசல் வழியாக மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். "ஆளுநர் மகடான்னு தொண்டை கிழியக் கத்தினேங்க" என்றான் வண்டிக்காரன். "யவனன் பொண்டாட்டிதானேன்னுட்டானுங்க."

வகுமிசா வண்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முன்வாசலில் ராஜா செத்தாரா இல்லையா என்று சனக்கூட்டம் இரைந்தது. ராஜா சாகவில்லை, எல்லாம் என் கோழைத்தனம், நிறுத்துங்கள் என்று தன் வாயாலேயே சொல்லிவிடத்தான் வெளியே வந்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. அங்கியைக் கிழித்துக்கொண்டு படிக்கட்டிலேயே விழுந்து கதறினார்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தியா, ராஜா செத்தது நெசந்தான்" என்றான் ஒருவன். "இல்லாட்டி இந்தக் கல்நெஞ்சன் அழுவானா?"

"அஞ்சுல இன்னும் ரெண்டு நாள் இருக்குடா!" என்று கூவிக்கொண்டு எல்லாரும் ஊருக்குள் ஓடினார்கள்.