சூரியன் சேராத விற்பனை

அபூ நஸ்ரி வீட்டை விற்றுவிட்டுப் போன நாளிலிருந்து அந்த வீட்டின் மேல் மட்டும் வெயில் விழுவதில்லை. இரு பக்கத்து மாடிகளிலும் பூனைகள் கண்ணை மூடிக் குளிர்காய, நடுவில் கத்தரித்து வைத்ததுபோல ஒரு நிழல். நோட்டரிதான் காரணம் என்பார்கள். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் மலையடி ஊரான ஸஹ்லேயில் சோலார் பேனல் என்று யாரும் வாய் வலிக்கச் சொல்வதில்லை. அரசாங்க மின்சாரம் நாளுக்கு இரண்டு மணி நேரமாகச் சுருங்கிய வருஷம், வீட்டுக்கு வீடு பேனல் ஏறியபோது, "சூரியன் போட்டாச்சா? எத்தனை சூரியன்?" என்றுதான் விசாரித்துக்கொண்டோம்.

அபூ நஸ்ரி போட்டது பன்னிரண்டு. அவர் மனைவி நஜ்லாவின் மூச்சு இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டியிருந்தது; தெருவுக்குக் கரண்ட் விற்கும் ஜெனரேட்டர்காரனோ மதியம் அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான். நஜ்லா கல்யாண வளையல்களைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய பேனல்கள் அவை. மூன்று வருஷம் அவற்றால் மூச்சு விட்டாள். பிறகு ஒரு செப்டம்பரில், பேட்டரி நிறைய மின்சாரம் இருக்கும்போதே இறந்துபோனாள். கடற்கரை ஊரான ஜூனியேயில் இருக்கும் மகள் தன்னோடு வரச் சொன்னாள். வீட்டை வாங்க வந்தது வாத்தியார் கமீலும் அவன் மனைவி ரிண்டலாவும். அன்று அபூ நஸ்ரி வீட்டு மாடிப்படியில் எனக்கு ஏதோ வேலை இருந்தது, என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

"வீட்டோட சூரியனும் உண்டுதானே, அபூ நஸ்ரி?" என்று ரிண்டலா கேட்டாள்.

"வீட்ட எடுத்துக்கோ, கதவ எடுத்துக்கோ, வேணும்னா என்னையே எடுத்துக்கோ. சூரியன மட்டும் கேக்காதே. அது நஜ்லாவோடது."

"உங்கள எடுத்து எங்க வைக்கிறது? அலமாரியே பத்தல" என்றான் கமீல்.

எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த நோட்டரி, பத்திரத்தில் எழுதினார்: சூரியன் இவ்விற்பனையில் சேராது, விற்பவர் அதைத் தம்முடன் எடுத்துச் செல்வார். கையெழுத்து, முத்திரை, ஆளுக்கொரு காபி.

எடுத்துச் சென்றார். லாரி தெருமுனையில் திரும்பியபோது வீட்டின் மேலிருந்த வெயிலும் திரும்பிப் போனது. முதல் குளிர்காலத்திலேயே சுவர்கள் பாசி பிடித்தன. ஏப்ரலிலும் தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி. ரிண்டலாவின் கைக்குழந்தைக்கு இருமல் விடவே இல்லை. புதுப் பேனல் போட வந்த கடைக்காரன் மாடியைப் பார்த்துவிட்டு, "இங்க வித்தா எனக்குப் பாவம் சேரும்" என்று இறங்கிப் போனான். ஜூனியேயில் கதை வேறு. மகள் இருந்த கட்டடத்துக்கு இரட்டை வெயில். கீழ்வீட்டுக்காரர்கள் இரட்டைத் திரை மாட்டினார்கள். காலை ஒன்பது மணிக்கே பேட்டரி நிறைந்துவிடும், ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மூச்சு இயந்திரத்தை எப்போதோ தானம் கொடுத்தாயிற்று. தேய்த்த சட்டைகளையே அப்பா திரும்பத் திரும்பத் தேய்க்கிறார் என்று மகள் போனில் அழுதாள்.

இரண்டாம் வருஷம் அபூ நஸ்ரியே வந்தார். நஜ்லா படுத்திருந்த அறையில் இப்போது குழந்தை இருமிக்கொண்டிருந்தது. சுவரில் கை வைத்தார், உள்ளங்கை நனைந்தது.

"இந்த ரூம்ல ஒரு நாள்கூட அவள நான் குளிர விட்டதில்ல" என்றார். ரிண்டலாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான்தான் அல்பத்தனமா நடந்துட்டேன்மா."

அடுத்த வாரம் பன்னிரண்டும் லாரியில் திரும்பி வந்தன. முன்பு வாங்கிய ஏச்சுக்குப் பயந்த நோட்டரி, இந்த முறை புத்தகம் பார்த்து எழுதினார்: ஒளிமின் தகடுகள் பன்னிரண்டு, தாங்கிகள், திருகாணிகள் உட்பட. ஒரு குறை சொல்ல முடியாத பத்திரம். பேனல்கள் மாடி ஏறின, வெயில் ஏறவில்லை.

"ஒழுங்கா எழுதுன்னு உன்ன யாருய்யா கேட்டா?" என்று தெருவே அவரைப் பிடித்துக்கொண்டது.

சூரியன் என்ற ஒரே சொல்லை வைத்து மறுபத்திரம் தயாரானது. வியாழக்கிழமை கையெழுத்து என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை, ஜூனியே பால்கனியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அபூ நஸ்ரி, பாதிச் சுளையோடு சாய்ந்துவிட்டார்.

நஜ்லாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அந்த வாரம் ஊர் முழுக்கப் பனி விழுந்தது, அந்த இரண்டு கல்லறைகள் தவிர. பத்திரப்படி அது அவருடைய வெயில், மாற்றிக் கையெழுத்துப் போட அவர் இல்லை. இப்போது ரிண்டலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, துணிக்கூடையோடு தினமும் அங்கே போகிறாள். "கோச்சுக்காதீங்க, அபூ நஸ்ரி, போர்வை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு விரிக்கிறாள். குழந்தையின் இருமல் குறைந்துவிட்டது. நானும் மிளகாய் கொண்டுபோகிறேன். நஜ்லா பக்கம் கொஞ்சம் சீக்கிரம் காய்கிறது.