ஓர் எழுத்து வித்தியாசம்

கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு ப்ராசசர் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்தார். அளவு, நிறம், அட்டைப் படம் எல்லாம் ஒன்றேதான். மாடல் பெயரின் கடைசியில் மட்டும் ஒன்றில் ஓர் எழுத்து கூடுதல். "இதுல எதுங்க?" என்று அவர் கேட்டது என் தங்கையிடம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கென்ன தெரியும் சார்? எல்லாம் அக்காதான்."

பதின்மூன்று வருடமாக வீடியோ எடிட்டிங் செய்கிறவள் நான். பள்ளி ஆண்டு விழா, துணிக்கடை விளம்பரம், யாரோ ஒரு மேனேஜரின் பிரிவுபசார விழா என்று எது வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். ஸ்டுடியோவில் எனக்குக் கொடுத்திருக்கிற கம்ப்யூட்டர், ஒரு கிளிப்பைத் திறக்கச் சொன்னால் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் திறக்கும். அது யோசிக்கிற நேரத்தில் நான் போனில் வேறொரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருப்பேன். எந்த ப்ராசசர், எந்த மதர்போர்டு, எத்தனை ரேம், சத்தம் போடாத ஃபேன் எது என்று ஒரு பட்டியல். புது மாடல் வரும்போதெல்லாம் அடித்துத் திருத்துவேன். நாலு வருடமாகத் திருத்தியபடியே இருக்கிறேன். வாங்கியபாடில்லை.

தங்கை இந்தத் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மருந்து கம்பெனி வேலையில் இருந்தவள், ஆசைக்கு ஒரு கேமரா வாங்கி, ஒரு பஸ் டிரைவரைப் பற்றி எட்டு நிமிடப் படம் எடுத்தாள். "எப்படி வெட்டுறதுன்னு சொல்லிக்குடுக்கா" என்று வந்து நின்றபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அந்த எட்டு நிமிடத்தைப் பார்த்த ஓர் அமைப்பு, முழு ஆவணப்படம் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர்கூட அவர்கள் செலவு. "உன் தங்கச்சி பேரு திரையில வரப்போகுதுடி" என்று அம்மா போனில் பூரித்துப்போனாள். நான் வெட்டிய நூற்றுக்கணக்கான வீடியோக்களில் ஒன்றில்கூட என் பெயர் வந்ததில்லை. அம்மா அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். போனை வைத்தபிறகும் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"எந்தக் கேமராவுல எடுக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

தங்கை சொன்ன மாத்திரத்தில் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அந்தக் கேமரா வீடியோவை நெருக்கிச் சுருக்கிச் சேமிக்கிற ரகம். எடிட் செய்யும்போது அதை நொடிக்கு நொடி விரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதை அலட்டாமல் செய்துவிடும். நாங்கள் தனியாக எடுத்து வைத்திருந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு அந்த ரகம் பிடிபடாது. எழுத்து கூடுதலாக உள்ள பெட்டியில் அந்த உள் கிராஃபிக்ஸ் கிடையாது. ஆக, எழுத்தில்லாததைத்தான் எடுக்க வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

என் விரல் எழுத்து உள்ள பெட்டியைத் தொட்டது.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மேடம், எடிட்டிங்குக்குன்னா எல்லாரும் மத்ததைத்தான் எடுப்பாங்க."

"கிராஃபிக்ஸ் கார்டுதான் தனியா போடுறோமே. அப்புறம் அது எதுக்கு?"

"இல்லைங்க, இந்தக் கேமரா ஃபைலுன்னா..."

"விடுங்க சார்," என்று தங்கை குறுக்கே வந்தாள். "இந்த விஷயத்துல எங்க அக்கா பேச்சுக்கு அப்பீலே கிடையாது." சிரித்துக்கொண்டே என் கையைக் கோத்துக்கொண்டாள்.

மற்ற எதிலும் நான் குறை வைக்கவில்லை. நல்ல ரேம், வேகமான டிஸ்க், மூச்சுச் சத்தம்கூட வராத ஃபேன். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அந்த ஒன்றை மறைக்கத்தான் அத்தனை அக்கறையும் என்பது வீட்டுக்குப் போகும் வழியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம் அவள் போனுக்காகக் காத்திருந்தேன். 'படம் விக்கி விக்கி ஓடுதுக்கா' என்பாள். 'செட்டிங் ஏதாவது தப்பா வச்சிருப்ப' என்று சொல்லப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். போன் வந்தது, குறை வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, "முதல் கட் முடிஞ்சிருச்சு. நீ பாத்தப்புறம்தான் மத்தவங்களுக்கு" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். படுக்கையறை மூலையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஒரு மேசை போட்டிருந்தாள். இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிற பெண்களைப் பற்றிய படம். நாற்பது நிமிடம். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஓர் இடத்தில் வயதான பெண்ணொருத்தி இயந்திரத்தின் முன்னால் சும்மா நிற்கிறாள். நானாக இருந்தால் நாலு விநாடியில் வெட்டியிருப்பேன். இவள் பதினோரு விநாடி விட்டிருந்தாள். பத்தாவது விநாடியில் அந்தப் பெண் யாருக்கும் இல்லாமல் தனக்குத்தானே சிரித்தாள்.

"எப்படிடீ இதைப் புடிச்ச?"

"கம்ப்யூட்டர்ல படம் ஓடாதுல்லக்கா, ஒவ்வொரு ஃபைலுக்கும் தரம் கொறைச்சு சின்னதா ஒரு காப்பி எடுத்தாத்தான் வெட்டவே முடியும். அது எடுத்து முடிக்கிற வரைக்கும் வேற வேலை? எடுத்ததையே திருப்பித் திருப்பிக் கேமராவுல பாத்துக்கிட்டு இருப்பேன். அப்பக் கண்ணுல பட்டதுதான்."

"ஓடலைன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். "கடைக்காரர் மறுநாளே போன் பண்ணினாருக்கா. 'ப்ராசசரை இன்னும் மாட்டல, இப்பவே மாத்திக்கலாம்'னு சொன்னாரு. ஏன்னும் விளக்கமா சொன்னாரு."

"அப்புறம் ஏன் மாத்தல?"

"மாத்தியிருந்தா, நீ வேணும்னே செஞ்சதா ஆயிடும். மாத்தாம விட்டா, உனக்குத் தெரியாமப் போச்சுன்னு வச்சுக்கலாம்ல." தலை நிமிர்ந்தாள். "தெரியாமத்தானேக்கா?"

வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதையும் இவள் என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையின் பக்கம் திரும்பினேன். எடிட்டிங் பக்கத்தைத் திறந்து, கைக்கு வந்த ஏதோ ஒரு கிளிப்பை அழுத்தினேன். சின்ன காப்பி அல்ல, கேமராவிலிருந்து வந்த அசல் ஃபைல். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, அதை மடிப்பதற்காக இரண்டு பெண்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்தார்கள். ஓர் எட்டு. படம் நின்றது. இன்னோர் எட்டு. மறுபடி நின்றது. இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்க, இருவருக்கும் நடுவே ஒரு கை தூரத்தில் விரிப்பு தொய்ந்து தொங்கியது.