பொறி பார்க்க உட்கார்ந்தவன்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகியிருக்கவே வேண்டாம். என் மச்சினனிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் இது. இருபத்திரண்டு நாளாக வாய் வராததால் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்தாளனாக இருப்பதில் இப்படி ஒரு வசதி.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு, பழைய கார்களின் துருப்பிடித்த தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கிறவன். இன்று நாலு மணிக்கு ஒருவர் வேன் கொண்டுவந்து அவனுடைய வெல்டிங் மெஷினை வாங்கிக்கொண்டு போகப்போகிறார். நாளையிலிருந்து இவன் தன் மாமனாரின் பிளாஸ்டிக் சாமான் கடையில் பக்கெட் விற்பான். என் காரில் தீப்பிடித்தது தன்னால்தான் என்று நினைத்துத் தொழிலையே விடுகிறான். அது அவனால் இல்லை. இப்போது மணி ஒன்றரை.

(ஓர் எச்சரிக்கை: என் மனைவி கணக்கு டீச்சர். நான் எழுத எழுதப் பக்கங்களை எடுத்துப்போய்ப் படித்து, ஓரத்தில் சிவப்பு மையில் ஏதாவது எழுதிக் கொண்டுவந்து வைக்கிறாள். அவற்றை அழிக்கத் தைரியம் இல்லாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: "அந்தக் காருக்கு வயது இருபத்தேழு. வெளியே பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அடியிலோ"

வேண்டாம். 'அடியிலோ' என்றதுமே வாசகர் உஷாராகிவிடுவார்.

தொடக்கம் இரண்டு: "மழையில் கார் ஓட்டும்போது என் கால் நனைந்தது. மேலிருந்து அல்ல, கீழிருந்து."

பரவாயில்லை. ஆனால் நடந்தது இதைவிட நன்றாக இருக்கிறது. மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது ஓடுகிற காரில் மனைவியின் இடது செருப்பு காணாமல் போனது. கதவு சாத்தியிருந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது. விலகிக் கிடந்த தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ரோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை.

[சிவப்பு மை: உள்ளங்கை அளவு ஓட்டையில் செருப்பு எப்படிப் போகும்? சாப்பாட்டுத் தட்டு அளவு. செருப்பு புதுசு. நீங்கள் காரை நிறுத்தவே இல்லை.]

3

முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீர், கார்ப்பெட்டுக்கு அடியில் வருஷக்கணக்காகத் தங்கித் தரைத் தகட்டைத் தின்றிருந்தது. மச்சினன் சீட்டுகளைக் கழற்றினான். கார்ப்பெட்டை உரித்து முன்பக்கமாகச் சுருட்டிவைத்தான். ஸ்க்ரூ டிரைவரால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தான். நல்ல இடத்தில் டங்கென்றது. கெட்ட இடத்தில் சத்தமே இல்லை, ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. நல்ல தகடு கண்ணில் படும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அளவு எடுக்க அட்டை கேட்டான். என் நாவலின் விற்காத பிரதிகள் திரும்பி வந்திருந்த பெட்டியைக் கொடுத்தேன். நல்ல கெட்டியான அட்டை என்று பாராட்டினான். அந்த நாவலுக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை அதுதான்.

இந்த இடத்தில் துருவை மனசாட்சியோடு ஒப்பிடப்போகிறேன் என்று காத்திருக்கும் வாசகர் எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம். துரு என்பது துரு.

மச்சினன் என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல். முந்தாநாள் எழுதிய வரைவில் அவனைக் கொஞ்சம் அவசரக்காரனாக்கிப் பார்த்தேன். பாதி வேலையில் போன் பேசுகிறவன், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போகிறவன். அப்படி ஒருவன் கையில் தீப்பிடித்தால் வாசகர் உடனே நம்புவார். ஆனால் நிஜத்தில் இவன், கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எந்தச் சீட்டு, எந்த மூலை என்று எழுதித் தனித்தனிக் கவரில் போடுகிறவன். கதையில்கூட அந்தக் கவர்களைக் கலைத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த வரைவைக் கிழித்துவிட்டேன்.

[சிவப்பு மை: கிழிக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. அதில் என் தம்பியைக் குடிகாரனாகவும் ஆக்கியிருக்கிறீர்கள்.]

4

சரி, சொல்லிவிடுகிறேன்.

கார்த் தரையைக் கீழேயிருந்து பற்றவைக்கும்போது உள்ளே ஓர் ஆள் உட்கார வேண்டும். அடியில் படுத்திருப்பவனுக்குத் தகட்டின் மறுபக்கம் தெரியாது. பொறி எங்கே விழுகிறது என்று பார்ப்பதும், விழுந்த இடத்தை ஈரச்சாக்கால் அமுக்குவதும் உள்ளே இருப்பவன் வேலை. அன்றைக்கு அந்த ஆள் நான். சீட்டு இல்லாத காருக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஈரச்சாக்கும் ஒரு ஜக் தண்ணீரும் கொடுத்து என்னை உட்காரவைத்தான். அடியில் படுப்பதற்கு முன் சொன்னான்:

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மாமா. பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க. எனக்குக் கண்ணு நீங்கதான்."

ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு நெளிந்துவிடும் என்பதால், இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்துக்கொண்டு போனான். உள்ளே வெக்கை தாங்கவில்லை. ஜக்கில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். முழுவதையும். வாளி குத்தியது. சாக்கை மடித்து அதன்மேல் போட்டு உட்கார்ந்தேன். உட்காருவதற்கு முன் நன்றாகப் பிழிந்தும் கொண்டேன். அப்போதுதான் வேறொரு கதைக்கு ஓர் அருமையான வாக்கியம் தோன்றியது. சட்டைப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தேன். ஒரே ஒரு நிமிடம்தான் நான்

இல்லை. நான்கைந்து நிமிடம் இருக்கும். நடுவில் புகை வாசம் வந்தது. அதையும் வாக்கியத்தில் சேர்த்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது சுருட்டிவைத்த கார்ப்பெட் எரிந்துகொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் அவன் அடியிலிருந்து உருண்டு வந்தான். என் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். பிறகு கொட்டகை ஓரத்தில் கிடந்த மணலை வெறுங்கையால் அள்ளி அள்ளிக் கொட்டினான். ஒயர்கள் எல்லாம் போயின. டேஷ்போர்டு உருகி வழிந்தது. அவனுக்கு வலது மணிக்கட்டு வெந்துபோனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்டும் பத்திரமாக இருந்தது.

[சிவப்பு மை: படித்தேன். மணி மூன்று.]

5

இதற்கே முகம் சுளிப்பவர்கள் அடுத்ததையும் கேட்டுவிடுங்கள். குழாயடியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மச்சினன், கார்ப்பெட்டைச் சுருட்டி உள்ளேயே வைத்தது தன் தப்புதான் என்றான். முழுசாக வெளியே எடுத்திருக்க வேண்டுமாம். நான் அவன் தோளில் கைவைத்தேன்.

"விடு மாப்ள. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

அதாவது, நான் அவனை மன்னித்தேன். விஷயம் தெரிந்து மாமியார் போனில் அழுதே விட்டார். காரையே கொளுத்தினாலும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. பெரியவர்கள் பாராட்டும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை.

அதற்குப் பிறகு அவன் எதையும் பற்றவைக்கவில்லை. போன வாரம் ஒருவர் கார் கொண்டுவந்தார். வெல்டிங் கைப்பிடியை எடுத்தான், பற்றவைக்காமலே திரும்ப வைத்தான், வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டான். அதை இந்தச் சன்னலிலிருந்து நான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்லத் தெரியவில்லை.

6

முடிவுகள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

அ) வேன் வழியில் பஞ்சராகிறது. வாங்க வருபவர் மனம் மாறித் திரும்பிப் போகிறார். (அடுத்த வாரம் வேறொருவர் வருவார்.)

ஆ) மச்சினனுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடிக்கிறான். இதை எழுதும்போது பேனா தானாக ஓடியது. சொல்லவும் வேண்டாம், மன்னிப்பும் கிடைத்துவிடும்.

[சிவப்பு மை: அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே தெருவுக்கே தெரிந்திருக்கும்.]

இ) இந்தப் பக்கங்களை அவன் கையில் கொடுத்துவிடுவது. ஆனால் அவன் கதை படிக்கிறவன் இல்லை. ஒருமுறை என் கதையில் ஒரு பக்கம் படித்துவிட்டு, இதில் எப்போது ஏதாவது நடக்கும் என்று பணிவாகக் கேட்டான். அவன் நாலாம் பகுதிக்கு வருவதற்குள் மெஷின் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும்.

7

ஆக, வாக்கியத்தைத்தான் எழுதியாக வேண்டும்.

"மாப்ள, அன்னைக்கு நடந்ததுல எனக்கும் ஒரு சின்னப் பங்கு"

சின்னதா?

"அன்னைக்கு வெக்கை ஜாஸ்தியா இருந்ததால"

வெயில் மேல் பழி.

"ஒரு எழுத்தாளனோட மனசு எப்படின்னா"

[சிவப்பு மை: வேண்டாம்.]

"நீ பார்க்கச் சொன்ன, நான் பார்க்கல. தண்ணியையும் நானே குடிச்சிட்டேன்."

இதுதான். ஒரு வாக்கியம் என்றிருந்தேன், இரண்டாகிவிட்டது. மொத்தம் எட்டுச் சொல். இவ்வளவு சிறிதாக நான் எதையும் எழுதியதில்லை.

வேன் சத்தம் கேட்கிறது. மணி மூன்று நாற்பதுதான், மனிதர் முன்கூட்டியே வந்துவிட்டார். இதோ கிளம்புகிறேன். அதற்கு முன் அந்த வேனைப் பற்றி ஒரே ஒரு பத்தி. வேனின் நிறம்

8

[சிவப்பு மை: பேனாவைப் பிடுங்கியது நான்தான். இனி இந்தக் கதையில் சிவப்பு மை மட்டும்.

இறங்கிப் போய்விட்டார். சன்னலில் நின்று எழுதுகிறேன். என் தம்பி ஒரு பக்கமும் வாங்க வந்தவர் ஒரு பக்கமுமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் பாதித் தூரம் வந்திருந்தார்கள். இவர் குறுக்கே போய் நின்றார். எட்டுச் சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவருக்கு ஆனது. கையை ஆட்டினார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் கட்டைவிரலை வாய்க்கு நேராகத் தூக்கித் தண்ணீர் குடிப்பதுபோல் காட்டினார். அப்போது சொல்லிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

தம்பி தன் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டான். மணிக்கட்டைப் பார்க்கிறான். இவரைப் பார்க்கிறான். அடிப்பானா, கட்டிப்பிடிப்பானா, இல்லை, எல்லாம் கேட்டுக்கொண்டு பக்கெட் விற்கத்தான் போவானா, கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லை. இவர் தலை குனியாமல் நிற்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரை இப்படி வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

வாங்க வந்தவர் மட்டும் தன் பக்கத்தை இன்னும் இறக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அவர் கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது.

"தூக்கறதா, இறக்கறதா? யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

படிக்கிற நீங்களாவது அவருக்குப் பதில் சொல்லுங்கள். நான் கீழே போகிறேன்.]