டார்லீனின் வண்டியில் புது ஆள்

பார்சல் லைனை, அதாவது வீடுவீடாகப் பார்சல் கொடுக்கும் ஒப்பந்தத்தை, விற்கப் போகிறார்கள் என்பது அதை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தெரிந்தால் பயந்துபோய் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். ஓட்ட ஆளில்லாத லைனை எவன் வாங்குவான்? அதனால், வாங்க வருகிறவனை 'புதுசாகச் சேர்ந்த ஆள்' என்று சொல்லி ஒரு நாள் வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை நானும் ஏறினேன். என் முகரைக்கு நடிப்பு ஒரு கேடு.

"உதவிக்கு வந்திருக்கேன்னு மட்டும் சொல்லு, வேட். வேற வாயத் திறக்காத," என்றார் கென்ட். கிளார்க்ஸ்பர்க் ஊரைச் சுற்றியுள்ள மலைப்பாதைகளில் ஒரு பெரிய கூரியர் கம்பெனியின் பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒப்பந்தம் அவருடையது. வண்டிகளும் அவருடையவை. நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி ஒரு குளிர்காலம் ஓடிவிட்டது. வீட்டை அடமானம் வைத்து இந்த லைனை வாங்குவதா வேண்டாமா என்று நானும் என் மனைவி மார்சியும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் ஏறிய வண்டியை ஓட்டும் டார்லீனுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் பல்.

"அட, ஒருவழியா ஆள் அனுப்பிட்டாரா அந்த மனுஷன். முட்டி போச்சு, கனமானதை இறக்க ஒருத்தனைக் குடுங்கன்னு ஒரு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன். ஏறுய்யா. ரெண்டு நாள்ல ஓடிப்போறவன் மூஞ்சி மாதிரி இருக்கே உனக்கு. ஓடிட மாட்டியே?"

"மாட்டேன்," என்றேன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

ஜல்லி கொட்டிய செங்குத்தான பாதைகள். மேட்டில் வீடு, வாசலில் நாய், வண்டிக்குள் நாய்த்தீனி மூட்டை. வண்டியின் படியில் இறங்கும்போது மட்டும் டார்லீன் திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்கினாள். வாசலில் நின்ற ஒவ்வொருவரிடமும், "பாத்தீங்களா, எனக்கு ஆள் குடுத்துட்டாங்க," என்று என்னைக் காட்டினாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நானும் தலையை ஆட்டினேன்.

மதியம் ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். அவள் உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள்.

"யாருக்கும் குடுக்க மாட்டேன் இதை. தின்னுட்டாவது இருந்து தொலை."

தின்றேன். தின்றுகொண்டே, இந்த வண்டியில் இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தியே செய்கிறாள் என்பதைப் புரிந்துகொண்டேன். கென்ட் காட்டிய லாபமெல்லாம் அவர் போடாத அந்த இரண்டாவது ஆளின் சம்பளம்தான். இந்த முட்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்த்தேன். தேய்ந்த டயரைப் பார்க்கிற கண்ணால்தான் பார்த்தேன். அவள் ரொட்டி அப்போது என் வாயில் இருந்தது. வெட்கக்கேடு.

சாயங்காலம் கென்டிடம், "டார்லீனுக்கு ஒரு ஆள் போடணுமே," என்று இழுத்தேன்.

"தாராளமா போடு. லாபத்தை அவன் கொண்டுபோவான், நீ வேடிக்கை பாரு. அவ ஓட்டுவா, வேட். விட்டுட்டுப் போற ரகமில்ல."

மார்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆள் போட்டா நமக்கு மிஞ்சாது, போடலைன்னா அந்தம்மா கால் போயிடும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு யோசிக்க இருந்தது. ஞாயிறு முழுக்க, ஆள் போடாமலே வாங்கிவிடலாம் என்றுதான் மனம் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் என்னைத் தடுத்தது இரக்கம் என்று சொன்னால் அது இன்னொரு பொய். வாங்கினால் முதலாளியாக அவள் எதிரில் போய் நிற்க வேண்டுமே, அதற்கு எனக்கு முகமில்லை. அவ்வளவுதான். ராத்திரி கென்டைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் போன் அடித்தது. டார்லீன். சனிக்கிழமையே என் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். கென்ட் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"எங்கய்யா இருக்கே? நேரமாச்சு. மூட்டையெல்லாம் உனக்காக அப்படியே கீழ போட்டு வச்சிருக்கேன், சோம்பேறி."

வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பொய் வரவில்லை.

"டார்லீன், நான் வேலைக்கு வந்தவன் இல்ல. லைனை வாங்கலாமான்னு பாக்க வந்தேன். உன்கிட்ட நாள் பூரா பொய் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாங்கப் போறீங்களா?" என்றாள்.

"இல்ல. வேணாம்னுட்டேன்."

"ஏன் சார், என்னாலயா?" குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு உங்களுக்கு ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டே போனதுல லேட்டாயிடுச்சு. மத்த நாள்ல நான் அவ்வளவு மெதுவா ஓட்ட மாட்டேன் சார். முட்டி வலியும் சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். கென்ட்கிட்ட என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதீங்க. நாளைக்கு வேற யாராவது வாங்கினா என்னை வச்சுக்கணும்ல."

"உன்னால இல்ல, டார்லீன். சத்தியமா உன்னால இல்ல."

"சரிங்க சார்," என்றாள். "மூட்டைய நானே ஏத்திக்கிறேன்."