டத்தோவுக்குக் கீரை

காய்கறி விற்கிறவன் வீட்டில், காய்கறி தின்னாத ஒரு ஜீவன் வந்து சேர்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? சிம்பாங் ரெங்கம் ஊர்ச் சந்தையில், எங்கள் பேச்சில் பாசாரில், எனக்கு எதிர்க்கடை காளியப்பனுடையது. தேங்காய் விற்கிறான். விஷயம் அவன் காதுக்குப் போன அன்றைக்கே மீன் கடை வரைக்கும் போய்விட்டது.

"லெட்சுமணண்ணே, ஒங்க வீட்டு எலியே ஒங்க சரக்க வாங்க மாட்டேங்குதாமே? அப்புறம் நாங்க எப்படிண்ணே வாங்குறது?"

"எலி இல்லடா. கினி பிக்."

"என்ன பிக்கா இருந்தா என்ன லா. கீரையப் பாத்துட்டு முதுகக் காட்டிக்கிச்சாமே. ருசி தெரிஞ்ச பிராணி."

கேமரன் மலையிலிருந்து வந்த சாலட் இலைக் கூடை இடுப்பில் இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். விற்பனை நேரத்தில் கிண்டலுக்குக் கோபப்படுகிறவன் வியாபாரி இல்லை.

வாலில்லாத, கொழுத்த அந்தப் பிராணி என் மகள் லோஷினியுடையது. ஜொகூர் பாருவில் தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கி, தினமும் காஸ்வே பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் வருகிறாள். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. உடன் தங்கியிருந்த பெண் ஒருத்திக்குப் பிராணியின் ரோமம் ஒத்துக்கொள்ளாமல் தும்மித் தீர்த்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டோடு காரில் கொண்டுவந்து எங்கள் வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போனாள். "கொஞ்ச நாளைக்குத்தான்ப்பா," என்றாள். பெயர் டத்தோ, சுல்தான் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற பட்டம். அந்தத் தொந்தியையும், எல்லோரும் தனக்காக ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது போன்ற அந்த நடையையும் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாதுதான். என் மனைவி அங்கம்மாவோ, "பிள்ளையார் வாகனம் தானா தேடி வந்திருக்கு," என்று வெள்ளிக்கிழமை கூண்டுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள்.

வாகனம் கடைத்தீனி மட்டும்தான் தின்றது. பையில் விற்கிற, அழுத்தி உருட்டிய பழுப்பு உருண்டைகள். அதைக் கரண்டியால் கிண்ணத்தில் கொட்டினால் கொறிக்கும். காய்ந்த புல்லைப் பையோடு கவிழ்த்தால் அதையும் தின்னும். பச்சையாக எதை நீட்டினாலும் மூக்கை ஒருமுறை சுளித்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

ரோமம் முரடாகி, நடை தளர்ந்தபோது பக்கத்து டவுன் குளுவாங்குக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் சாந்தினி அதன் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார்.

"அங்கிள், நம்மள மாதிரிதான் இதுவும். வைட்டமின் சி உடம்புல தானா ஊறாது. வெளியிலிருந்துதான் போகணும். சொட்டு மருந்து தர்றேன். ஆனா பச்சைக் காய்கறி சாப்பிட்டே ஆகணும். இல்லன்னா மூட்டு வீங்கும், ஈறு ரத்தம் வரும், அப்புறம் கஷ்டம்."

"பட்டினி போட்டா வழிக்கு வராதா டாக்டர்?"

"ஐயோ, வேணாம். ஒரு நாள் முழுக்க வயிறு காலியா இருந்தாலே குடல் நின்னுடும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"காய்கறிக் கடை."

அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

சொட்டு மருந்தைப் பாதி துப்பியது, பாதி என் சட்டையில் போனது. எனக்குப் பிராணி மேல் அப்படி ஒன்றும் பாசம் பொங்கி வழியவில்லை. ஆனால் ஒரு கணக்கு இருந்தது. டத்தோ வருவதற்கு முன்னால் லோஷினி வீட்டுக்கு வருவது தீபாவளிக்கு, இல்லாவிட்டால் யாராவது செத்தால். டத்தோ வந்த பிறகு ஞாயிறு தவறாமல் வருகிறாள். எங்களைப் பார்க்க அல்ல என்பது எனக்கும் அங்கம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தோம். பிராணி செத்தால் ஞாயிறும் அதோடு சாகும்.

ஆகவே பேரம் தொடங்கியது. குடைமிளகாயைச் சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று கீறி வைத்தேன். திரும்பிக்கொண்டது. வெள்ளரிப் பிஞ்சு. திரும்பிக்கொண்டது. கொத்தமல்லிக் கட்டில் நடுக்குருத்தாகப் பொறுக்கி, வாடிக்கையாளருக்குக்கூடக் காட்டாத தழையைக் கொண்டுபோய் மூக்கடியில் ஆட்டினேன். பின்பக்கத்தைக் காட்டி உட்கார்ந்தது. விலை படியாதபோது நாலு எட்டு நடந்து, கடைக்காரன் கூப்பிடுகிறானா என்று காதை மட்டும் பின்னால் விட்டுவைக்கிற அம்மணிகளை நான் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். அவர்கள்கூட ஒரு கட்டத்தில் திரும்புவார்கள். இது திரும்பாது. ஏனென்றால் நான் அந்தப் பக்கம் போனதும் அங்கம்மா, "பாவம்ங்க, வாயில்லா சீவன்," என்று கரண்டி நிறையத் தீனியைக் கொட்டிவிடுவாள். கொட்டாமலும் இருக்க முடியாது, மருத்துவர் பயமுறுத்தியிருக்கிறார்.

பாசாரில் நாள் முழுக்க நின்று, குளிர்பெட்டித் தண்ணீரில் கையை விட்டு விட்டு எடுத்து, வீட்டுக்கு வந்தால் விரல்கள் மடங்காது. அங்கம்மா தைலம் தேய்த்து உருவிவிடுவாள். அவளுக்கும் முழங்கால் வலி, தானும் தேய்த்துக்கொள்வாள். வீடே பிரசவ வீடு மாதிரி மணக்கும். அந்தக் கையோடு நான் கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு, "டத்தோ, இந்தா, ஒரே ஒரு இலை," என்று கெஞ்சுவேன். இந்த வயதில் ஒரு மனிதன் படக்கூடாத பாடு அது. சீக்கிரமே நான் படுத்துக்கொண்டே கெஞ்ச ஆரம்பித்தேன்.

காஹாங்கில் அங்கம்மாவின் தங்கை பேத்திக்குக் காதுகுத்து வந்தது. அங்கம்மா இரண்டு நாள் போனாள். தைலப் புட்டியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். குளித்துவிட்டு, வலிக்கிற கையோடு எனக்கு ஒரு பிரட்டல் செய்யக் கங்கோங் கீரையைத் தரையில் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தேன். கூண்டுக் கதவு திறந்திருந்தது. அடைக்கச் சோம்பல். டத்தோ மெத்து மெத்தென்று வந்தது. என் கையிலிருந்த தண்டின் நுனியை மோந்தது. பிடித்து இழுத்தது.

தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது, மரம் அறுக்கிற இயந்திரத்துக்குள் போகிற மாதிரி. இன்னொன்று நீட்டினேன். அதுவும் போனது. பிரட்டலுக்குக் கீரை மிஞ்சவில்லை. முட்டை பொரித்துத் தின்றேன்.

அங்கம்மா திரும்பிய அன்று வழக்கம்போல் தைலம் தேய்த்தாள். கீரையை நீட்டினேன். மூக்குச் சுளிப்பு, முதுகு. நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, மறுபடி கழுவி, மோந்து பார்த்துவிட்டுப் புதிதாக ஒரு தண்டை எடுத்து நீட்டினேன். தின்றது. இத்தனை நாளும் சரக்கில் ஒரு பழுதும் இல்லை. நாறியது கடைக்காரன்தான். தீனியும் புல்லும் மட்டும் கை படாமல் போனதால் தப்பித்திருக்கின்றன.

"அலமாக்!" என்றாள் அங்கம்மா. "லோஷிக்குப் போன் போடுங்க!"

போனை எடுத்தேன். அவளே முந்திக்கொண்டு அழைத்தாள்.

"ப்பா, அந்தத் தும்மல்காரி வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. டத்தோ காய்கறி சாப்பிட ஆரம்பிச்சதும் சொல்லுங்க, வந்து கூட்டிட்டுப் போயிடறேன். ஒங்களுக்கும் தொல்லை விட்டுச்சு. இப்ப எப்படி இருக்கு? சாப்பிடுதா?"

செத்தால் ஞாயிறு போகும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். பிழைத்தாலும் போகும் என்று போடவில்லை. இரண்டு பக்கமும் நட்டமாகிற வியாபாரத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இல்லம்மா," என்றேன். "பிடிவாதம் பிடிக்குது."

போனை வைத்ததும் அங்கம்மா இடுப்பில் கை வைத்தாள். "நீங்கல்லாம் ஒரு மனுஷனா? பெத்த பிள்ளகிட்டயே பொய்யா?"

"பிராணிக்கு என்ன குறை? திங்கள்லேருந்து சனி வரைக்கும் சவுக்காரக் கை. வயிறு நிறையும், ஈறு ஆறும். ஞாயித்துக்கெழம மட்டும் தைலக் கை. யாருக்கு நட்டம்?"

"பாவம் பிடிக்கும் ஒங்களுக்கு," என்று உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மகளின் கார் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தைலப் புட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தவளும் அவள்தான்.

அப்படியே சில ஞாயிறுகள் போயின. டத்தோ வாரமெல்லாம் கீரை தின்று பளபளத்தது. ஞாயிறன்று நான் பொறுக்கி எடுத்துக் கொடுக்கிற இலையை லோஷினி நீட்டுவாள். அது மூஞ்சியைத் திருப்பும். "ரோமம் நல்லா இருக்கேப்பா," என்பாள் குழப்பத்தோடு. "மருந்து கொஞ்சம் உள்ள போகுதும்மா," என்பேன். அங்கம்மா குழம்பை ஊற்றுவாள். பழைய சரக்கைப் புதுசு என்று விற்றபோதுகூட எனக்கு இப்படிக் கை கூசியதில்லை. ஆனாலும் ஒரு மத்தியானம் முழுக்க அவள் குரல் வீட்டுக்குள் கேட்கும். அதற்காகக் கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

கடைசியாக வந்த ஞாயிறு அவள் தாமதமாக வந்தாள். முந்தின நாளும் ஓவர்டைம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் கொடுத்த சாலட் இலையை நீட்டினாள். டத்தோ திரும்பிக்கொண்டது.

"டத்தோ, ப்ளீஸ் லா," என்றாள். இன்னொரு இலை. முதுகு. அவள் இலையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ப்பா, இன்னிக்கு ஒருநாள்தான்ப்பா லீவு. காலைல எழுந்திரிக்கவே முடியல. தூங்கலாமான்னு நெனச்சேன். அப்புறம், நான் தூங்குற நேரத்துல இது செத்துப் போச்சுன்னான்னு பயந்து வந்துட்டேன். ஹைவேல கண்ணு ரெண்டு தடவ சொக்கிடுச்சு. ஓரமா நிறுத்தி மூஞ்சி கழுவிட்டு வந்தேன்."

"அப்படி ஏம்மா ஓட்டணும்?"

"வேற என்ன செய்ய? நான்தான சரியா பாத்துக்கல. சின்னதா இருக்கும்போதே காய்கறி பழக்கியிருக்கணும். நெட்ல போட்டிருக்கான். நான் வேலை வேலைன்னு ரெடிமேட் தீனியப் போட்டே வளத்துட்டேன். என் தப்புதான்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. கூண்டுக் கம்பியில் நெற்றியை வைத்தபடி தூங்கிப் போனாள். அங்கம்மா குழம்புக் கரண்டியோடு வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

நான் பின்கட்டுக்குப் போனேன். சவுக்காரம். எலுமிச்சைத் தோல். மறுபடி சவுக்காரம். குளிர்பெட்டியிலிருந்து குடைமிளகாயும் கொத்தமல்லியும் எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காரும்போது முழங்கால் போட்ட சத்தத்தில் அவள் விழித்தாள்.

"பாரு," என்றேன்.

டத்தோ வந்து கொத்தமல்லியை என் விரல்களுக்கிடையிலிருந்து உருவியது. பிறகு மிளகாய்த் துண்டு. மொறுமொறுவென்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அது அவசரமில்லாமல், பழகிய வாடிக்கையாளர் மாதிரி தின்றது.

லோஷினி என்னைப் பார்த்தாள். கடைக்காரன் மகள். சின்ன வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து வளர்ந்தவள்.

"எத்தன நாளாப்பா?"

"அம்மா காஹாங் போனாங்களே, அப்போலேருந்து. தைல வாசம்தான் பிடிக்கல இதுக்கு. கைய நல்லா கழுவிட்டுக் கொடு, சாப்பிடும்."

"போன ஞாயித்துக்கெழம?"

"தைலம் தேச்சிருந்தேன்."

"வேணும்னே?"

நான் மிளகாயின் விதையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிறகு ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. சிரிக்கவும் சக்தி வேண்டுமல்லவா, பாதியில் நின்றுவிட்டது.

"நான் ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன்ப்பா, தெரியுமா?"

"இப்பதாம்மா தெரிஞ்சுது."

சாப்பிட்டாள். தட்டில் போட்டதை எல்லாம் சாப்பிட்டாள், அங்கம்மாவோடு மட்டும் பேசினாள். சாயங்காலம் மேகம் கறுத்தபோது கூண்டைத் தூக்கினாள். நான் வாங்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் வைத்து, உருளாமல் பெல்ட் மாட்டினேன். கீரைக்கட்டுகளை நனைந்த துணியில் சுற்றிக் கூண்டுக் கம்பியோடு ஒட்டி வைத்தேன். பிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தும் நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"லோஷி."

"ம்."

"அடுத்த ஞாயிறு வா. இதுக்காக இல்ல. சும்மா வா."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக்குறேன்ப்பா. ரொம்ப டயர்டா இருக்கு."

"ஓட்டாத. பஸ்ல வா, குளுவாங்ல வந்து கூட்டிக்கிறேன். டயர்டா இருந்தா இங்க வந்து தூங்கு. யாரும் பேசமாட்டோம்."

"அம்மா பேசாம இருப்பாங்களா?"

"வாயக் கட்டிப் போட்டுடறேன்."

"நானா பேசுறேன்?" என்று அங்கம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

லோஷினி இந்த முறை கொஞ்சம் முழுசாகச் சிரித்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. பின்சீட்டில் டத்தோ கம்பி வழியே துணியைக் கடித்து இழுத்துக் கீரையைத் தின்னத் தொடங்கியிருந்தது.

"கதவ விடுங்கப்பா, மழை வருது," என்றாள்.

விட்டேன்.