அசல் வீட்டு நரி

சாத்தப்பனின் படுக்கையறைச் சுவரில் இருந்த நரி, செவ்வாய்க்கிழமை காலையில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதற்கு முன் அது அப்படி நடந்துகொண்டதில்லை.

ஜப்பான்காரர்கள் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த பழங்காலத்துப் படம் அது. பனியில் ஒரு நரி, நாலு நாணல், மூலையில் சிவப்பு முத்திரை. காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் வயிரவன், சூடம் அடிக்காத குறையாக அசல் அசல் என்று சத்தியம் செய்து அதை அவன் தலையில் கட்டியிருந்தார்.

நரி முகத்தில் விழிக்கத்தான் சாத்தப்பன் அதை வாங்கினான். யாருக்காவது அதிர்ஷ்டம் அடித்தால் ஊரார் நரி முகத்தில் விழித்தாயா என்று கேட்கிறார்களே ஒழிய, நரிக்கு எங்கே போவது என்று ஒருவரும் சொல்வதில்லை. அவன் ஒருவன்தான் இதற்கு முறைப்படி வழி செய்தான். பலனும் கைமேல் கிடைத்தது. படத்தை மாட்டிய வாரமே மீனாள் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அவனைத் தெரிந்தவர்கள் யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

தினமும் அவன் கண் திறந்ததும் நரி அவனைப் பார்க்கும். உனக்கு மட்டும்தான் என்று சொல்லும். அவன் பல் விளக்கப் போவான்.

அன்று அது வாயே திறக்கவில்லை. மீனாளைக் கூப்பிட்டான். அவளையும் காணோம்.

நரி பக்கத்து வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த ஒரு சுவர்தான். ஆனாலும் அவன் அங்கே போய்ச் சேர மதியமாகிவிட்டது. இரண்டு வாசலுக்கும் இடையில் வழி நீண்டுகொண்டே போனது. அவனுக்கு வியர்த்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு ராமசுப்பு பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். அப்போதுதான் கண் விழித்திருந்தார். அவர் சுவரிலும் அதே நரி, அதே பனி, அதே நாணல். முகம் மட்டும் அவர் பக்கம். உனக்கு மட்டும்தான் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. சாத்தப்பனைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டு நாணல் பக்கம் திரும்பிக்கொண்டது.

சாத்தப்பனுக்கு வயிறு எரிந்தது. வயிரவன் அந்த அறையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடை இப்போது இங்கேதான் என்றார்.

"அசல்னு சொன்னீங்களேண்ணே?"

"அசல்னுதானப்பா சொன்னேன். அண்டை அசல் வீட்டுலயும் இருக்குன்னு அர்த்தம்."

பலகை ஒன்றுதான், அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் ஒற்றலாம், தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று என்று விளக்கினார். இது தெரியாமலா இத்தனை வருஷம் குடியிருந்தாய் என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அப்போது ராமசுப்புவின் பெண்டாட்டி தோசையோடு உள்ளிருந்து வந்தாள். அடுத்தவர் மனைவி என்ற மரியாதைக்காகச் சாத்தப்பன் அவளை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று பார்த்தான். மீனாள்தான். கன்னத்து மச்சம்கூட மீனாளுடையதுதான்.

இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டான்.

"நான் எல்லா வீட்டுலயுந்தான் இருக்கேன். இதுல ஒளிவு மறைவு என்ன இருக்கு?"

ராமசுப்பு தலையாட்டினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெருவே கூடிப் பேசிவைத்துக்கொண்டு தன் கழுத்தை அறுத்துவிட்டது என்று சாத்தப்பனுக்குப் புரிந்தது. மீனாளை அவன் அவ்வளவு நம்பியிருந்தான். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப நானும் எல்லா வீட்டுலயும் இருக்கேனா?"

மீனாள் வயிரவனைப் பார்த்தாள். வயிரவன் நரியைப் பார்த்தார். நரி பனியைப் பார்த்தது.

"இல்லீங்க. நீங்க ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள்.

அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ரெண்டாவது வேணும்னு யாரும் கேக்கல," என்று சொல்லிவிட்டு, மீனாள் ராமசுப்புவுக்குச் சட்னி ஊற்றினாள்.