மூடி வைத்த சீட்டு

...கடுகைக் கொட்டினாற்போல நீல நீலமாய்ச் செல்கள், நிணநீர்ப் புற்றுநோய்தான், வேறென்ன... என்று கண் சொல்கிறதா, காது சொல்கிறதா? டாக்டரம்மாவுக்கு அதுதான் பிடிபடவில்லை. முப்பது வருஷமாக, நுண்ணோக்கியில் கண்ணை வைக்குமுன் நோயாளியின் குறிப்புச்சீட்டை ஒரு வெள்ளைத்தாளால் மூடிவிடுவாள், அடுத்தவர் சந்தேகம் தன் கண்ணில் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாதே என்று. இன்றைக்கு அறுவை மருத்துவர் காலையிலேயே போனில் முந்திக்கொண்டார், “நிணநீர்தான் மேடம், நெஞ்சுக்குள்ள கட்டி, பொண்ணுக்கு இருபத்து மூணு வயசு, மத்தியானமே மருந்தை ஏத்திடலாம், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.” காதை எந்தத் தாளால் மூடுவது? அவரும் பாவம், அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறதாம், குணமாகிற வகைதான் என்றதும் அவள் அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாளாம், சந்தோஷத்தில்...

கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு ஒட்டிய கண்ணாடித் துண்டை நகர்த்துகிறாள், கடுகு, கடுகு, மறுபடி கடுகு... ஓரத்தில் இது என்ன? திடுமென்று ஒரு திட்டு, தோல் செல்கள் மாதிரி, இதற்கு இங்கே என்ன வேலை? வேலைக்குச் சேர்ந்த வருஷம் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாள், நிணநீர் வேஷம் போட்டுக்கொண்டு வரும் வேறொரு புற்றுநோய், அபூர்வமானது, பாய்ந்து பரவுவது, அந்த மருந்துக்கெல்லாம் மசியாது. அன்றைக்குச் சீட்டைப் படித்துவிட்டுப் பார்த்தாள், சீட்டில் இருந்ததையே கண்டாள், அந்த நோயாளி... அதிலிருந்துதான் இந்த வெள்ளைத்தாள். போனை எடுத்தாள். “மருந்தை நிறுத்தி வைங்க டாக்டர், இன்னொரு சாயம் போட்டுப் பாக்கணும், ரெண்டு நாள்.” “ரெண்டு நாளா? விளையாடறீங்களா மேடம்?” “மூச்சுக்கு வேண்டியதைச் செய்யுங்க. நோய்க்குப் பேரை மட்டும் இப்பவே வைக்காதீங்க.” “அவங்க அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?” போனை வைத்தாள். நான் நினைப்பது தப்பாகிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள், முகம் தெரியாத அந்த அம்மாவுக்காக, இந்த அறையில் இதைச் சொல்லத்தான் யார் இருக்கிறார்கள்?

போன் அடித்தது. அக்கா, தினம் ஒரு மணிக்கு. “என்னடி குரல் கம்மியிருக்கு, சளியா?” “ஆமாக்கா, சளிதான்.” “வெந்நீர் குடி, வச்சிடறேன்.” சளியா? எப்போது பிடித்தது? அக்கா பேர் வைத்தாள், இவள் ஆமாம் என்றுவிட்டாள். கணவர் இறந்துபோன அன்றைக்கும் அக்காதான் முதலில் சொன்னாள், ‘இவ தைரியசாலி, தாங்கிக்குவா’ என்று, வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், இவளும்தான் ஆட்டினாள், ஒன்பது வருஷமாக ஆட்டிக்கொண்டே... மேஜைமேல் வெள்ளைத்தாள் கிடந்தது. அதை எடுத்தாள், எதன்மேல் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.